சங்கம்னா ராணுவம், பென்ஷன்னா சிவிலியன்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு. காரை ஓரங்கட்டி போட்டோ எடுக்கிறோம். உப்பை வாரியவர் போட்டோவில் இருக்கமாட்டார். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நம்ம லட்சணம் இது!

அரசாங்கமும் நம்மை மாதிரிதான். புல்காவ்ன் ஞாபகம் இருக்கிறதா? மகாராஷ்டிராவில் வார்தா மாவட்டம். 2016 மே 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணுவத்தின் மத்திய வெடிமருந்துக் கிடங்கில் தீ. 19 பேர் செத்துப்போனார்கள். இரண்டு பேர் ராணுவ அதிகாரிகள். மற்றவர்களில் பெரும்பாலோர் கிடங்கின் தீயணைப்பு ஊழியர்கள். அதாவது, சிவிலியன்கள்.

'ராணுவத்தில் சிவிலியனா?' என்று கேட்காதீர்கள். ராணுவத் தளவாடப் பிரிவு விளம்பரம் கொடுத்துத்தான் 'ஃபயர்மேன்' எடுக்கிறது. பத்தாவது பாஸ் போதும். ஆனால், 63.5 கிலோ ஆளைத் தூக்கிக்கொண்டு 183 மீட்டரை 96 விநாடிக்குள் கடக்க வேண்டும்.

சரி, தேறி வந்தவர் ராணுவமா, சிவிலியனா? இங்கேதான் வேடிக்கை.

ராணுவ அமைப்புகளில் வேலை பார்த்த சமையல்காரர், முடிதிருத்துபவர், தச்சர் எல்லோரும் சங்கம் வைக்க உரிமை கேட்டுப் போனார்கள். 'நீங்கள் சண்டை போடாவிட்டாலும் ராணுவத்தைச் சேர்ந்தவர்களே, அந்த உரிமை கிடையாது' என்றது சுப்ரீம் கோர்ட். வருஷம் 1976.

ராணுவம்னே வச்சுக்குவோம். 2004 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய பென்ஷன் திட்டம் வந்தது. முப்படையினருக்கு மட்டும் விலக்கு. அப்ப ஃபயர்மேன்? 'நீ சிவிலியன்தானேப்பா, மாசாமாசம் சம்பளத்தில் பிடிப்போம்!' 2025-ல் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திலும் பிடித்தம் போகவில்லை.

'சிப்பாய் பனியில் நிற்கிறான், சின்ன வயசிலேயே ஓய்வு பெறுகிறான்' என்பீர்கள். நியாயம். அவனிடமிருந்து ஒரு பைசா பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால், புல்காவ்னில் பழுதான கண்ணிவெடிகளிலிருந்து வெடிமருந்து கசிந்தது என்றார்கள். அப்படியொரு கிடங்குக்குள் தீயணைக்க ஓடுவது எல்லையில் நிற்பதற்கு எந்த விதத்தில் குறைச்சல்? அதுவும் 60 வயசு வரைக்கும் ஓட வேண்டும்!

அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'சங்கம் கூடாதுன்னா ராணுவம், பென்ஷன்னா சிவிலியன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்!'