செவியே முதற்கருவி

ஒரு கலைக்குரிய கருவி எளிதிற் கிடைத்துவிட்டால், அக்கலையும் உடன் கைவந்துவிட்டதாக மயங்குவது மக்களியல்பு. எழுதுகோல் வாங்கியவரெல்லாம் பாவலர் ஆவதில்லை. உளி வாங்கியவரெல்லாம் கற்றச்சர் ஆவதுமில்லை. ஆயினும், ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றைக் கணிப்பொறியில் இறக்கிக்கொண்ட மறுநாளே இசைப்பதிவில் வல்லுநராகிவிட்டதாக எண்ணும் இளைஞர் இன்று ஊர்தோறும் உளர். அவர்தம் ஆர்வம் போற்றற்குரியது. அவ்வார்வத்துக்கு ஈடான பயிற்சிதான் இல்லை. விளைவு யாது? நல்ல குரலும் நல்ல பாட்டும் இருந்தும், கேட்கப் பொறாத இரைச்சலாய் முடிந்த பதிவுகள் நாள்தோறும் பெருகுகின்றன. இக்குறை நீங்கும் வழியை ஆராய்வது இக்காலத்துக்கு மிகவும் வேண்டற்பாலது.

1877-ஆம் ஆண்டில் எடிசன், உருளையிற் சுற்றிய வெள்ளீயத் தாளில் மாந்தக் குரலைப் பதித்தெடுத்தார். அன்று தொடங்கிய ஒலிப்பதிவு, மெழுகையும் அரக்குத் தட்டையும் காந்த நாடாவையும் கடந்து எண்களுக்குள் புகுந்தது. 1957-இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த மாக்சு மாத்தியூசு எழுதிய நிரல், கணிப்பொறியைக் கொண்டு 17 நொடி அளவு இசையெழுப்பிற்று. 1982-இல் எண்முறைக் குறுவட்டு விற்பனைக்கு வந்தது. 1999-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொமினிக் மசோனி, உரோசர் தானன்பெர்க்கு என்னும் இருவர் தொடங்கிய ஆடாசிட்டி என்னும் மென்பொருள், 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2021-இல் அது மியூசு குழுமம் என்னும் நிறுவனத்தின் உடைமையான பின்னரும், அதன் மூலநிரல் யாவரும் காணத் திறந்தே கிடக்கின்றது. விலையின்றியே பெறவும் படுகின்றது. ஒரு காலத்தில் பெருநகர ஒலிப்பதிவுக் கூடத்தை மணிக்கணக்கிற் கூலிக்கு அமர்த்தியன்றிச் செய்யவொண்ணாதிருந்த பணியை, இன்று சிற்றூர் மாணவன் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். வாய்ப்பு வந்துவிட்டது. அதனைப் பயன்கொள்ளும் அறிவு வரவேண்டும்.

முதற்கண், ஒலி எண்ணாகும் முறையைக் கற்பவர் அறிதல் வேண்டும். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வை ஒலிவாங்கி மின்னலையாக்குகின்றது. அம்மின்னலையை நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்வதே எண்முறைப் பதிவு. நிலத்தை அடிக்கோர் இடமாக அளந்து மேடுபள்ளம் குறிப்பதனோடு இதனை ஒப்பிடலாம். ஏன் 44,100? ஓர் அதிர்வைப் பிழையின்றி மீட்கவேண்டுமாயின், அதன் எண்ணிக்கையைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும் என்பதை 1928-இல் நைக்குவிசுட்டும் 1949-இல் சானனும் நிறுவிய கணக்கு காட்டுகின்றது. மாந்தச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே உணரவல்லது. அதன் இருமடங்குக்குச் சற்று மிகையாக வைக்கப்பட்டதே அவ்வெண்.

ஓர் அளவை எத்துணை நுண்மையாகக் குறிப்பது என்பது அடுத்தது. 16 துணுக்கு முறையில் 65,536 படிகளும், 24 துணுக்கு முறையில் 1,67,77,216 படிகளும் உள. பதியும்போது 24 துணுக்கு முறையையே தேர்தல் நன்று. படிகள் மிகுதியாதலின், ஒலியைத் தாழ்த்திப் பதிந்தாலும் நுண்மை கெடுவதில்லை. இவ்வுண்மையை அறியாதார் மானியின் முள் உச்சியைத் தொட்டால்தான் பதிவு வலுப்பெறும் என்று கருதி ஒலியை ஏற்றிவிடுகின்றனர். எண்முறைப் பதிவில் உச்சிக்கு மேல் இடமே இல்லை. அதனைக் கடந்த அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அவ்வாறு வெட்டுண்ட ஒலியைப் பின்னர் எம்மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது. ஆகலின், பாடுவோரின் மிகவுரத்த இடத்தை முன்னரே பாடச்செய்து, அவ்விடமும் உச்சிக்குப் பத்துத் தெசிபெல் அளவு கீழே நிற்குமாறு அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஒலிவாங்கியின் விலையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனை வைக்கும் இடத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. வெறுஞ்சுவரும் கற்றரையுமுள்ள அறையில் விலையுயர்ந்த ஒலிவாங்கியும் எதிரொலியையே வாங்கித் தரும். திரைச்சீலையும் பாயும் பஞ்சுமெத்தையும் நிறைந்த அறையில் எளிய ஒலிவாங்கியும் தெளிந்த குரலைத் தரும். மின்விசிறியை நிறுத்துதல், பலகணியைச் சாத்துதல், வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் சற்றே சாய்வாக ஒலிவாங்கியை நிறுத்துதல் ஆகிய இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. நாயனமும் பறையும் திறந்தவெளிக்கென்றே பிறந்த கருவிகள். அவற்றை ஒரு சாண் தொலைவிற் பதிய முற்படுவது பேதைமை; பல அடி விலகிப் பதிந்தாலன்றி அவற்றின் முழுவொலி விரிவதில்லை. பாட்டுத் தொடங்குமுன் பத்து நொடி யாரும் பேசாதிருக்க, அறையின் வெற்றொலியையும் பதிந்துகொள்ளுதல் வேண்டும். பின்னர் இரைச்சல் நீக்கும்போது, எது இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்ட அப்பத்து நொடியே சான்றாகும்.

முன்பதிந்த தடத்தைக் காதொலிப்பானிற் கேட்டுக்கொண்டே புதிய தடத்திற் பாடும்போது, தம் குரல் பிந்தி வந்து செவியிற் படுவதாகப் பலர் வருந்துகின்றனர். கணிப்பொறி ஒலியெண்களைச் சிறுசிறு தொகுதிகளாகத் தேக்கி வைத்துக் கையாளுவதே இதற்குக் காரணம். நொடிக்கு 48,000 அளவு எடுக்கும்போது, 1024 எண் கொண்ட ஒரு தொகுதி நிரம்ப, நொடியின் ஆயிரத்திலொரு கூற்றில் 21 ஆகின்றது. தொகுதியை 128 ஆகச் சுருக்கினால் அஃது மூன்றுக்கும் குறைகின்றது. பதியும்போது தொகுதியைச் சுருக்குக, கலக்கும்போது பெருக்குக. காரணம் அறிந்தவர்க்கு இஃது ஒரு மணித்துளி வேலை. அறியாதார் கருவியையே மாற்றிப் பொருளிழப்பர்.

பதிந்தபின் செப்பஞ் செய்தல். இதில் முதல் நெறி, மூலப்பதிவின்மேற் கைவையாமை. அதனைத் தனியே காப்பில் வைத்து, படியெடுத்ததன் மீதே வேலை செய்தல் வேண்டும். வெட்டும் இடத்தில் அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளியைத் தேர்ந்து வெட்டினால் 'டக்' என்னும் ஓசை எழாது. இரு துண்டுகளை ஒட்டுமிடத்தில் ஒன்று தேயவும் மற்றொன்று வளரவும் செய்தால் ஒட்டுத் தெரியாது. இரைச்சலை நீக்கும்போதும் அளவு வேண்டும். மிகையாக நீக்கினால், குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோற் குழைந்துவிடும். பாடுவோரின் மூச்சொலியையும் முற்றத் துடைத்தெறிதல் தகாது. மூச்சில்லாத பாட்டில் உயிர் ஏது?

இங்கு ஒன்றை அழுத்தமாகக் கூறவேண்டும். 1997-இல் ஆண்டி இல்டெபிராண்டு என்பவர், நிலத்தடி எண்ணெய் வளத்தை அலைகொண்டு ஆராய்ந்த பட்டறிவைப் பயன்படுத்திக் குரலின் நிலையைத் தானே திருத்தும் மென்பொருளை உருவாக்கினார். இத்தகைய கருவி, வேறு வகையாகப் பணிக்கப்பட்டாலன்றி, ஓர் இயக்கைப் பன்னிரு சமகூறாகப் பகுத்து, குரல் எங்கு நின்றாலும் அக்கூறுகளுள் அண்மையதன்மீது இழுத்து நிறுத்துகின்றது. மேலையிசைக்கு அஃது ஒருவாறு பொருந்தலாம். ஒரு நிலையினின்று மறுநிலைக்கு வழுக்கியும் அசைந்தும் துள்ளியும் செல்வதிலேயே தன் உயிரை வைத்திருக்கும் தமிழ்ப் பண்ணுக்கு அஃது எங்ஙனம் பொருந்தும்? இரண்டு நிலைகட்கு இடைப்பட்ட அசைவு பிழையன்று. அதுவே பண்ணின் முகம். அதனைப் பிழையென்று கருதி இழுத்துத் திருத்துவது, பாவின் தளையை உரைநடையாக்கித் திருத்துவதற்கு ஒப்பு. தாளமும் அத்தன்மைத்தே. மென்பொருளைத் திறந்தவுடன் பெரும்பாலும் முன்நிற்பது நான்கன் கட்டம். ஐந்திலும் ஏழிலும் நடக்கும் பாட்டை அக்கட்டத்துக்குள் திணிக்க வேண்டுவதில்லை. கட்டத்தை மாற்றிக்கொள்ளவும் நீக்கிவிடவும் வழியுண்டு. கருவி தன் பழக்கத்தைச் சொல்லும். அதனை ஏற்பதும் மறுப்பதும் இசையறிந்தார் கடமை.

இறுதியாகக் கலவை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, பாடுவோர்க்கும் யாழோர்க்கும் குழலோர்க்கும் தண்ணுமையோர்க்கும் தனித்தனி இலக்கணம் வகுத்து, பின்னர்க் கருவிகள் ஒன்றையொன்று விழுங்காது ஒன்றன்வழி ஒன்று நிற்கும் முறையையும் கூறுகின்றது. அம்முறையே கலவைக்கலையின் சாரம். முதலில் ஒவ்வொரு தடத்தின் ஒலியளவை மட்டும் ஏற்றியிறக்கி ஒத்திசைவு காண வேண்டும். பத்தில் ஆறு பங்கு வேலை இதிலேயே முடிந்துவிடும். பின்னர் இடமும் வலமுமாகக் கருவிகட்கு இருப்பிடம் வகுத்தல். அடுத்து, ஒன்றையொன்று மறைக்கும் அதிர்வுகளைக் களைதல்; குரல் தெளியவில்லையாயின் குரலை உயர்த்துமுன், அதனை மறைக்கும் கருவியிற் சிறிது குறைத்துப் பார்த்தல். அதன்பின் ஒலியிறுக்கி; உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது அதன் தொழில். கடைசியாக எதிர்முழக்கம், குழம்பிற்கு உப்புப்போல அளவாக இடவேண்டுவது. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, எதிர்முழக்கத்தை முதலிற் கொட்டுவோரே மிகப் பலர்.

உரக்க ஒலிப்பதே சிறந்ததென்னும் மயக்கமும் ஒழிதல் வேண்டும். ஒலி கூடினால் எதுவும் முதற்கேள்வியில் இனிதாகவே தோன்றும்; அது செவியின் ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை முதலாக வைத்து உலகெங்கும் நடந்த ஒலிப்போட்டியில் மெல்லொலியின் அழகே அழிந்துபோயிற்று. அதனைத் தடுக்கவே ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் உரப்பளவுக்கு ஒரு நெறி வகுத்தது. மேலும், பேரொலியில் நெடுநேரம் உழைப்பார்க்குச் செவியே கெடும். 85 தெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையின் பரிந்துரை. மென்பொருள் கெட்டால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். செவி கெட்டால் எங்குப் போய் இறக்குவது?

இவற்றையெல்லாம் தமிழிற் கற்பிக்க இயலுமா என்று வினவுவார் உளர். உலகம் முழுதும் ஆங்கிலப் பெயர்களே வழங்க, தமிழ்ப் பெயர் எதற்கு என்பது அவர் வாதம். மென்பொருளின் முகப்பில் எப்பெயர் உள்ளதோ அதனை அடையாளங் காணுமளவுக்கு அறிந்துகொள்வதிற் பிழையில்லை. ஆயின் அடையாளம் வேறு, விளக்கம் வேறு. பொருள் விளங்காத பெயரை மட்டும் உருப்போட்டவன் திருகியைத் திருப்பிப் பார்த்து, நல்லூழ் இருந்தால் நல்லொலி பெறுவான். 'ஒலியிறுக்கி' என்று சொல்லிக் கற்ற மாணவனுக்கு, அது செய்யும் தொழில் அச்சொல்லிலேயே விளங்கிவிடுகின்றது. தடம், கலவை, எதிர்முழக்கம், முகடு, தேக்கம் என்பன வயலிலும் அடுக்களையிலும் மலையிலும் ஏரியிலும் தமிழன் நாளும் புழங்கும் சொற்கள். அவற்றைக்கொண்டு கற்பிக்கும் ஆசிரியர்க்கு, பாதி விளக்கத்தைச் சொல்லே செய்துவிடும்.

இக்கல்வி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. ஏற்றம் இறைத்தல் மறைந்தது. அதனோடு ஏற்றப்பாட்டும் மறைந்துகொண்டிருக்கின்றது. நடவுக்குப் பொறி வந்த ஊர்களில் நடவுப்பாட்டுக்கு வாயில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் எழுபது எண்பது அகவை கடந்த மூதாட்டியர் நெஞ்சங்களில் எஞ்சியுள்ளன. ஏட்டில் எழுதியவை கறையான் அரித்தது போக மிஞ்சின. எழுதாதவை பாடுவாரோடு சுடுகாட்டுக்குச் செல்லும். ஒரு மூதாட்டி மறைந்தபின், உலகத்து மென்பொருள் அனைத்தும் கூடினும் அவர் பாடிய ஒப்பாரியின் இழுப்பை மீட்டுத் தர இயலாது.

ஆதலின், ஒலிப்பதிவு கற்கும் ஒவ்வோர் இளைஞரும் தம் ஊரின் முதியோர் ஒருவரையேனும் பதிக. அவர் இசைவைப் பெற்றபின்னரே பதிக. பெயர், ஊர், நாள், பாட்டுக்குரிய தொழில் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே வாயாற் சொல்லிப் பதிக. அப்பதிவைச் சுருக்காத கோப்பாகவே காக்க. 24 துணுக்கு, 48,000 அளவில் இருதடப் பதிவு ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 104 கோடி பைட்டே ஆகும். இன்றைய சேமிப்புக் கருவிகட்கு அஃதொரு பொருட்டன்று. மூன்று படிகள் எடுத்து, இரண்டு வகைக் கருவிகளில் வைத்து, அவற்றுள் ஒன்றையேனும் வேற்றிடத்தில் வைக்க. அப்பதிவில் எத்திருத்தமும் செய்யற்க. செப்பமும் கலவையும் படியின்மேல் நிகழட்டும். மூலம் மூத்தோர் குரலாகவே நிலைக்கட்டும்.

கருவி வந்துவிட்டது, விலையும் தடையன்று. செவியைப் பழக்குவதும் முதியோர் வாயிலில் போய் அமர்வதுமே எஞ்சிய வேலை. அதற்குரிய காலம், பாடுவார் மூச்சு உள்ள அளவே.