இரு நூல்களும் ஓர் எண்ணும்: ஐராவதம் மகாதேவனின் ஆய்வுப்பணியும் மேற்கோள் கணக்கும்

ஐராவதம் மகாதேவன் (1930–2018) பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பணியாற்றியவர் அல்லர். இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே குகைக் கல்வெட்டுகளை ஆராயத் தொடங்கியவர். 1987 முதல் 1991 வரை தினமணி நாளிதழின் ஆசிரியராக விளங்கியவர். எனினும் தமிழ்-பிராமிக் கல்வெட்டியல், சிந்து எழுத்தாய்வு ஆகிய இரு துறைகளிலும் அவரை விலக்கிவிட்டு இன்று எவரும் ஆய்வு செய்ய இயலாது. இத்தகைய ஒருவரின் ஆய்வுப்பணியை இன்று வழக்கிலுள்ள மேற்கோள் கணக்கால் அளந்தால் கிடைப்பது என்ன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பணியமர்த்தம், பதவி உயர்வு, நிறுவனத் தரவரிசை ஆகியவற்றில் அக்கணக்கு தமிழ்த்துறைகளையும் எட்டிவிட்ட நிலையில் இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று.

மகாதேவனின் புலமைக்கு அடித்தளமாக நிற்பவை இரண்டு நூல்கள். சிந்து எழுத்துப் பொறிப்புகளின் தொகுப்பும் தொடரடைவும் அடங்கிய முதல் நூலை இந்தியத் தொல்லியல் துறை 1977இல் வெளியிட்டது. 2,906 பொருள்களில் உள்ள பொறிப்புகளைத் தொகுத்து, 417 குறிகளை வரையறுத்து, ஒவ்வொரு குறியும் எவ்வெவ்விடத்தில் எவ்வெக்குறியை அடுத்து வருகின்றது என்பதைக் கணிப்பொறியின் துணையோடு அடைவுபடுத்திய நூல் அது. இரண்டாவது, தொன்மைத் தமிழ்க் கல்வெட்டியல் பற்றி 2003இல் க்ரியாவும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து வெளியிட்ட ஆங்கில நூல். இந்நூலின் முதல் வித்து 1966இல் சென்னையில் நடைபெற்ற கல்வெட்டுக் கருத்தரங்கில் அவர் அளித்த தமிழ்-பிராமிக் கல்வெட்டுத் தொகுப்பில் உள்ளது. வித்துக்கும் விளைவுக்கும் இடையே 37 ஆண்டுகள். ஆண்டுதோறும் புள்ளிக்கணக்கு ஒப்படைக்க வேண்டிய இன்றைய உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு அந்த 37 ஆண்டுகளை யார் தருவார்?

எச்-குறியீட்டெண்ணை 2005இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் முன்மொழிந்தார். ஓர் ஆய்வாளரின் வெளியீடுகளுள் எத்தனை வெளியீடுகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோளாக எடுத்தாளப்பட்டுள்ளனவோ, அந்த எண்ணே அவருடைய குறியீட்டெண். மேற்கூறிய இரு நூல்களை மட்டும் கணக்கிற் கொண்டால், அவை ஒவ்வொன்றும் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டிருந்தாலும் கிடைக்கும் எண் 2. இருபது சிறு கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் இருபது முறை எடுத்தாளப்பெற்ற ஒருவருக்கு அது 20. இதில் கணக்குப் பிழை ஏதுமில்லை. கட்டுரையையே ஆய்வின் அலகாகக் கொண்ட ஒரு துறையின் அளவுகோல், நூலையும் பதிப்பையும் அகராதியையும் அலகாகக் கொண்ட துறைக்கு அப்படியே மாற்றப்பட்டதுதான் பிழை. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதற்கு விலக்கல்ல. மொழி, கலைப் புலங்களில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு அவை வழங்கிய புள்ளி 10. இந்தியப் பதிப்பகம் வெளியிட்ட முழு நூல் ஒன்றுக்கும் அதே 10. வாழ்நாள் உழைப்பில் உருவான பதிப்பும் மூன்று மாதத்தில் எழுதிய கட்டுரையும் அவ்விதியின் பார்வையில் எடை ஒத்தவை.

துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறுபடுவதை மகாதேவன் ஒருவரின் பணிக்குள்ளேயே காணலாம். 2009இல் சயன்ஸ் இதழில் சிந்து எழுத்தின் மொழிசார் அமைப்பைக் கணிதமுறையில் ஆராய்ந்த, ஒரே பக்க அளவிலான கட்டுரை ஒன்று வெளிவந்தது. ராஜேஷ் ராவ் முதலிய அறுவர் எழுதிய அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் மகாதேவனும் ஒருவர். கணினியியலார் விரைந்து எழுதி விரைந்து மேற்கோள் காட்டுபவர்கள். அவர்களுடைய இதழ்கள் பெரும்பாலும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்ற தரவுத்தளங்களில் இடம்பெறுபவை. ஆதலின் அந்த ஒரு பக்கத்தைச் சுட்டுவோர் பெரும்பாலோர் எளிதில் எண்ணப்படுவர். அக்கட்டுரைக்குத் தரவு தந்தது 1977ஆம் ஆண்டுத் தொடரடைவு. அதனைப் பயன்படுத்தும் தமிழ், தொல்லியல் நூல்கள் பெரும்பாலும் அத்தளங்களின் எல்லைக்கு அப்பால் நிற்பவை. சேய் எண்ணப்படுகிறது, தாய் விடுபடுகிறது.

கல்வெட்டு வாசிப்பின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தாய்லாந்தின் பூக்காவ் தோங், எகிப்தின் குசைர் அல்-காதிம் ஆகிய இடங்களில் கிடைத்த பானையோட்டு எழுத்துகளைத் தமிழெனப் படித்துக் கூறியவர் மகாதேவன். பண்டைக் கடல்வணிக வரலாற்றில் அவ்வோடுகள் இன்று முதன்மைச் சான்றுகள். ஆனால் அகழாய்வாளர் அனுப்பிய படத்தைப் பார்த்து ஓர் அறிஞர் மடலில் எழுதியனுப்பும் வாசிப்பு, அறிக்கையின் நன்றியுரையிலோ அடிக்குறிப்பிலோ ஒரு வரியாகத்தான் பதிவாகும். அந்த வரியை எண்ணும் தரவுத்தளம் எதுவுமில்லை.

இதுவரை கூறியவற்றிற்கு அயல்நாட்டுத் தரவுத்தளங்களின் மீது பழி சுமத்துவது எளிது. தமிழாய்வுலகில் அது வழக்கமாகவும் ஆகிவிட்டது. தமிழாய்வாளரின் சொந்த மேற்கோள் வழக்கமும் ஆராயப்பட வேண்டும். புகழூர்க் கல்வெட்டில் சேர மன்னர் மூன்று தலைமுறையினர் குறிக்கப்படுவதையும், மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் வருவதையும் எடுத்தாளாத சங்க இலக்கிய ஆய்வேடு அரிது. அவற்றுட் பலவற்றில் காணப்படுவது 'புகழூர்க் கல்வெட்டு கூறுகிறது' என்னும் தொடர் மட்டுமே. கல்வெட்டு தானாக எதனையும் கூறுவதில்லை. தேய்ந்த பாறையில் எழுத்தை இனங்கண்டு, சொல்லைப் பிரித்து, பதிற்றுப்பத்தின் மன்னர் வரிசையோடு பொருத்திக் காட்டிய ஒருவர் உண்டு. அவர் பெயர் விடப்படும்போது ஒரு கருதுகோள் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக மாறிவிடுகிறது. அதனை மறுக்க விரும்பும் அடுத்த ஆய்வாளருக்கு யாரை மறுப்பதென்றே தெரியாமல் போகிறது.

பெயர் குறிக்கப்படும் இடங்களிலும் ஒழுங்கு குறைவு. 'மகாதேவன், ஐ.', 'ஐராவதம் மகாதேவன்', 'இரா. மகாதேவன்' என ஒருவரே மூவராகிறார். குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயர்மரபை எந்திரம் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. தமிழ் ஆய்வேடுகளே குழப்புவதுதான் வியப்பு. 2003ஆம் ஆண்டு நூலின் திருத்திய பதிப்பைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2014இல் வெளியிட்டது. இவ்விரண்டனுள் எதனைப் பயன்படுத்தினார் என்பதைச் சொல்லாத ஆய்வாளரின் மேற்கோள் எண்ணப்பட்டாலும் பயனில்லை.

மேற்கோள் என்பது ஒப்புதலும் அன்று. தமிழ்-பிராமியின் காலத்தை மகாதேவன் வரையறுத்த முறையைப் பொருந்தல், கொடுமணல் அகழாய்வுகளின் காலக்கணிப்பை முன்வைத்துக் கா. ராஜன் போன்றோர் மறுத்துள்ளனர். அம்மறுப்புகள் ஒவ்வொன்றும் மகாதேவனின் மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. இங்கே எண் பெருகுவது அவர் கூற்று நிலைபெற்றதற்குச் சான்றாகாது. அவர் வகுத்த வரையறை மறுக்கத்தக்க தெளிவோடு இருந்ததற்கே சான்று. அத்தெளிவு பெரும்புலமையின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

எண்களை அறவே ஒதுக்கிவிடலாம் என்பாரும் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எண் இல்லாத காலத்தில் பரிந்துரைக் கடிதமும் ஆசிரியர்-மாணவர் உறவும் சாதியும் செல்வாக்கும் பணியிடங்களைத் தீர்மானித்ததுண்டு. பரிந்து பேச எவருமில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் புள்ளிக்கணக்கு ஒரு காப்பாகவும் இருந்திருக்கிறது. ஆதலின் வேண்டப்படுவது கணக்கின் திருத்தம். பதிப்பு, தொடரடைவு, அகராதி, கல்வெட்டு வாசிப்பு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு வகுத்தல் முதற்பணி. தேர்வுக் குழு விண்ணப்பதாரரின் சிறந்த இரண்டு ஆக்கங்களையேனும் முழுமையாகப் படித்து எழுத்துவடிவில் மதிப்பீடு தருதல் அடுத்தது. 2015இல் வெளியான லைடன் அறிக்கையும் வட்டாரஞ்சார்ந்த ஆய்வின் மேன்மையைக் காக்க வேண்டும் என்றும், துறைகளின் மேற்கோள் வழக்க வேறுபாட்டைக் கருத வேண்டும் என்றும் வலியுறுத்தியுள்ளது.

இதற்கு மானியக் குழுவின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாத பகுதி ஒன்று உண்டு. தமிழ் ஆய்விதழ்கள், கல்வெட்டுச் சான்று ஒவ்வொன்றுக்கும் வாசித்தவர் பெயரையும் பதிப்பாண்டையும் குறிக்காத கட்டுரையைத் திருப்பி அனுப்பலாம். அவ்வாறு குறிக்கத் தொடங்கினால் மகாதேவனுக்கு முந்தியோரும் வெளிச்சம் பெறுவர். இக்குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924ஆம் ஆண்டு சென்னையில் கூடிய அகில இந்தியக் கீழைக்கலை மாநாட்டில் எடுத்துக்காட்டியவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். மகாதேவன் தம் நூலில் அவருக்குரிய இடத்தை அளித்துள்ளார். மகாதேவனை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளுள் ஐயரின் பெயர் எத்தனையில் உள்ளது என்பதை நூலகத்தில் ஒரு பிற்பகல் செலவிட்டு எவரும் எண்ணிப் பார்க்கலாம்.