எல்லைக்கல் வரை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைக் காண விரும்புவோர் மோட்டார் வண்டியை விட்டிறங்கி நடத்தல் வேண்டும். பொதுவழியெனப் பதிவுபெற்ற ஒற்றையடிப்பாதை தனியார் வயலினூடே சென்றாலும் அதில் எவரும் நடக்கலாம். நிலச் சொந்தக்காரர் மறித்தல் ஆகாது. வயல்களைப் பிரிக்கும் கல்மதில்களைத் தாண்டக் கடப்புக்கள் உண்டு. விடுமுறை நாட்களிற் பத்துப் பதினைந்து பேராய்ச் சேர்ந்து, தோளிற் பையும் கையில் வரைபடமுமாகச் சுற்றிவருதல் அந்நாட்டவர்க்குப் பெருவிருப்பு. அத்தகைய கூட்டமொன்றோடு நாம் நடந்து கண்ட ஊர்களுள் மனத்தை விட்டகலாதது டார்பிஷயரிலுள்ள ஈம் என்னும் சிற்றூராகும்.

பெயரைக் கேட்டதும் நமது 'ஈமம்' என்னுஞ் சொல் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவொன்றுமில்லை, ஆயினும் பொருத்தந்தான்.

1665ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இவ்வூர்த் தையற்காரர் ஒருவருக்குத் துணிப்பொதி வந்தது. அத்துணியோடு நோய்த் தெள்ளும் வந்ததென்பர். பொதியை அவிழ்த்த வேலையாள் ஜோர்ஜ் விக்கர்ஸ் செப்டெம்பர் 7ஆந் திகதி அடக்கஞ் செய்யப்பட்டான். மாரியிலே சற்றுத் தணிந்த நோய் மறு கோடையில் மூண்டெழுந்தது.

அப்போது ஊர்க் குருவாயிருந்தவர் வில்லியம் மொம்பெசன், வயது இருபத்தெட்டு. ஊரவர்க்கு அவர்மீது பற்றில்லை. புதிய வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவியிழந்த பழைய குரு தோமஸ் ஸ்டான்லியையே அவர்கள் நம்பினர். கொள்கையிலே முரண்பட்ட இவ்விருவரும் 1666 யூன் மாதம் ஒன்றாய் நின்று, ஊரைவிட்டு எவரும் வெளியேறலாகாதென்று மக்களை வேண்டினர். மக்களும் இசைந்தனர். கோயில் மூடப்பட்டது. வழிபாடு கக்லெற் டெல்வ் என்னும் பள்ளத்தாக்கில், குடும்பங்கள் தனித்தனியே விலகி நிற்க நடந்தது. இறந்தவரை அவரவர் வீட்டாரே தம் நிலத்திற் புதைக்கவேண்டியதாயிற்று.

ஊருக்குக் கிழக்கே அரை மைல் மேடேறினால், வட்டமான கல்மதிலுக்குள் ரைலிக் கல்லறைகள் இருக்கின்றன. எலிசபெத் ஹன்கொக் என்னும் பெண் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் எட்டே நாட்களிற் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தார். குழி வெட்டியதும், உடலை இழுத்துச் சென்றதும், மண் மூடியதும் அவர் ஒருவரே. மதிலுக்குள் நம்மவர் எவரும் பேசவில்லை. வெளியே வந்த பின்புதான் வாக்குவாதம் எழுந்தது.

மொம்பெசன் ஊரை மூடுமுன்னரே தம் பிள்ளைகள் இருவரையும் யோர்க்ஷயருக்கு அனுப்பிவிட்டிருந்தார். இது நீதியா என்று கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். பிள்ளை பெற்றவர்கள் குருவின் பக்கம் நின்றனர். மனைவி கதரினையும் போகும்படி அவர் வற்புறுத்தினார். அவ்வம்மையார் மறுத்துக் கணவரோடிருந்து, ஓகஸ்டிலேயே மாண்டார். குருவைக் குற்றஞ்சாட்ட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருக்கிருந்த அந்த வழி ஹன்கொக் அம்மையாருக்கு இருந்ததா என்ற கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை.

அவர்கள் அடைபட்டிருந்ததாற் பயன் விளைந்ததா? எலியும் தெள்ளும் எல்லைக்கு அடங்குமா என்று ஐயுற்றவர் பலர். 2016இல் வெளியான ஓர் ஆய்வோ, அவ்வூரிலே நோய் பெரும்பாலும் மனிதரிலிருந்து மனிதருக்கே தொற்றியதெனக் கணக்கிட்டது. அவ்வாறாயின் அயலூரார் பிழைத்தமைக்கு ஈம் மக்களின் உறுதி துணைநின்றதென்று கொள்ளலாம். ஒரே கூரையின் கீழிருந்த குடும்பத்தினர் ஒருவர்பின் ஒருவராய் மடிந்ததற்கும் அதுவே காரணமாகின்றது. நோய் அடங்கிய 1666 நவம்பர் வரை, பதினான்கு மாதங்களில் ஏறக்குறைய 260 பேர் இறந்தனர்.

கடைசியாக, தெற்கே வயல்வழி நடந்து எல்லைக்கல்லை அடைந்தோம். சாதாரணப் பாறைதான், மேலே ஆறு குழிகள். அயலூரார் உணவை இங்கு வைத்துச் செல்வர்; ஈம் மக்கள் வினாகிரி நிரப்பிய இக்குழிகளிற் காசை இட்டுச் செல்வர். இருசாராரும் ஒருவரையொருவர் அணுகுவதில்லை. குழிகளின் விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாயிருந்தது. வருவோர் போவோரெல்லாம் விரலை விட்டுப் பார்க்கிறார்கள், நாமும் பார்த்தோம்.

அங்கு காவல் நின்றவர் எவருமில்லை. கல்லைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் ஸ்டோனி மிடில்டன் என்னும் அடுத்த ஊர். பேசிக்கொண்டே நடந்தும், போய்ச்சேர நமக்குக் கால் மணி நேரம்வரைதான் சென்றது.