கையெழுத்துப் போட்டது யார்?

ஞாயிறு காலையில் நாக்பூருக்குப் போன் செய்யும் என் அண்ணன் மகன் க்ளீவ்லேண்டில் இருக்கிறான். பாதி நேரம் அமெரிக்கக் கால்பந்துதான் பேச்சு. (கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் கால்பந்தாம்!) "சித்தப்பா, வாட்சன் ஒருத்தனாலதான் எங்க டீம் நாசமாப் போச்சு" என்பான். பிரௌன்ஸ் ரசிகர்கள் பலருக்கும் அதே பல்லவி.

எனக்கு ஆட்டம் புரியாது, கடன் ஃபைல் புரியும். 2022-இல் டெஷான் வாட்சனுக்கு அந்த அணி எழுதிக் கொடுத்தது 5 வருடத்துக்கு 23 கோடி டாலர். முழுவதும் உத்தரவாதம். அப்போதே 20-க்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் போட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன (அவர் மறுத்தார்). எங்கள் கிளைக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவோம்.

முதல் வருடம் 11 ஆட்டங்களுக்குத் தடை. 2023-இல் தோளில் காயம். வீட்டில் சும்மா இருந்த 38 வயது ஜோ ஃப்ளாக்கோவைக் கூப்பிட்டார்கள். அவர் அணியை பிளே-ஆஃப் வரை கொண்டுபோய்விட்டார்! 2024 அக்டோபரில் வாட்சனுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. சொந்த ஊர்க் கூட்டத்திலேயே சிலர் கூச்சல் போட, சக வீரர்கள் கண்டித்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை அந்தக் கூச்சல் அநியாயம். காயம் யாருக்கும் வரும். கடன் வாராமல் போனால் சிபாரிசு செய்த ஆபீசருக்கு மெமோ வரும், நானே வாங்கியிருக்கிறேன். அங்கே உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லம் 2025-இல் கணக்குத் தப்பிவிட்டதாக ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.

பையனிடம் சொன்னேன்: "கத்துறதுன்னா மைதானத்தைப் பார்த்துக் கத்தாதடா. மேலே ஓனர் உட்கார்ற கண்ணாடி ரூமைப் பார்த்துக் கத்து."