வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் அமெரிக்கர்கள்: இயந்திரத்தைவிடத் தராசு ஏன் முக்கியம்?

1993 மார்ச் 31. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள வில்மிங்டன் நகரம். ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் குண்டு பாய்ந்து, புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்துபோனார். வயது 28. அன்று துப்பாக்கியில் போட்டிருந்தது நிஜத் தோட்டா அல்ல. சத்தமும் தீப்பொறியும் மட்டும் வர வேண்டிய, குண்டே இல்லாத வெற்றுத் தோட்டா. அப்புறம் எப்படி உயிர் போச்சு?

விடை, அதற்கு முன்பே நடந்த ஒரு சின்ன வேலையில் இருந்தது. குளோஸ்-அப் காட்சிக்காக நிஜத் தோட்டாக்களைப் பிரித்து, வெடிமருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மறுபடி பொருத்தி ‘டம்மி’ தயார் செய்திருந்தார்கள். பின்பக்கம் இருந்த பிரைமரை அப்படியே விட்டுவிட்டார்கள். எப்போதோ விசையை இழுத்தபோது அந்தப் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைத் துப்பாக்கிக் குழலுக்குள் தள்ளியது. குண்டு அங்கேயே சிக்கிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு வெற்றுத் தோட்டா வெடித்த வேகத்தில் அந்தக் குண்டு வெளியே பாய்ந்தது.

எல்லோரும் இதை சினிமா விபத்து என்றுதான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், மேஜையில் வைத்துத் தோட்டாவைப் பிரித்துச் சேர்க்கும் வேலையில் நடந்த விபத்து இது. அந்த வேலையை அமெரிக்காவில் பலர் வீட்டு கராஜில் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். அதன் பெயர் ரீலோடிங்.

அதென்ன ரீலோடிங்?

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மூன்று காலி. பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். பெரும்பாலும் விலை அதிகமான பகுதியும் அதுதான். அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்ப்பதுதான் ரீலோடிங்.

சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய அமெரிக்க மத்திய சட்டப்படி உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால்தான் உரிமம். (ரீல்ஸில் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு: இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 1959-ன்படி குற்றம். தோட்டா செய்யும் இயந்திரத்தைக்கூட அந்தச் சட்டம் தோட்டா என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது.)

‘காசு மிச்சம்’ என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர்கள் சொல்லும் முதல் காரணம். ஆனால் பழைய ஆட்களிடம் ஒரு ஜோக் உண்டு: மிச்சமெல்லாம் ஆகாது, அதே காசுக்கு அதிகமாகச் சுடுவோம், அவ்வளவுதான். துல்லியம் தேடும் ரைஃபிள் போட்டியாளர்களுக்கும், கடையில் கிடைக்காத பழைய ரகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இது நியாயமான வேலை. 2020, 2021-ல் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது மற்றவர்களுக்கு அந்த ‘காசு மிச்சம்’ கணக்கும் உதைத்தது.

வேகம் யாருக்கு வேணும்?

இப்போது கருவிகளுக்கு வருவோம். புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது பிரஸ்ஸைத்தான். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் ஒரு வகை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா விழும் புரோகிரசிவ் பிரஸ் இன்னொரு வகை. பின்னது மணிக்குப் பல நூறு தோட்டா தரும். வீடியோவில் பார்க்க ‘செம’யாக இருக்கும். விளம்பரமும் அந்த வேகத்தைத்தான் விற்கிறது.

வீட்டில் ஆரம்பிப்பவருக்கு அந்த வேகம் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தை நல்ல தராசுக்கும், சோதனை எடைக்கற்களுக்கும், பரிசோதிக்கப்பட்ட அளவுகள் அச்சிட்ட கையேடுகளுக்கும் செலவழிக்கலாம்.

காரணம் அளவு. இங்கே எடையைக் கிராமில் சொல்வதில்லை, கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பெரும்பாலும் சில கிரெயின்தான் போகும். அதாவது அரை கிராம்கூட இருக்காது. சமையலறைத் தராசுக்கு அது கண்ணிலேயே படாது. ஃபேன் காற்று, அறையின் வெப்பம் மாறுவது, இவையே எலெக்ட்ரானிக் தராசின் எண்ணை நகர்த்திவிடும். எடை தெரிந்த கல்லை நடுநடுவே வைத்துப் பார்க்காதவர், தராசை நம்புவதாக நினைத்துக்கொண்டு அதிர்ஷ்டத்தை நம்புகிறார்.

இதைவிடப் பெரிய சிக்கல் வரலாற்றில் இருக்கிறது. ‘.38 ஸ்பெஷல்’ என்ற புகழ்பெற்ற ரிவால்வர் தோட்டா 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அதன் நீளமான கூடு, இடத்தை அடைக்கும் பழைய கரும்புகை மருந்தின் காலத்து அளவு. பிறகு புகையில்லா மருந்து அந்த இடத்தைப் பிடித்தது. சக்தி அதிகம், அளவு கொஞ்சம். ஆனால் கூட்டின் நீளம் மாறவில்லை. அதனால் இன்று சரியான அளவு மருந்து போட்டாலும் கூட்டில் பாதிகூட நிறையாது. கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை போட்டாலும் வழியாது. குண்டை வைத்து மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்து சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம்.

போன் அடித்தது, குழந்தை கூப்பிட்டது, ‘எங்கே விட்டோம்?’ என்ற ஒரு நொடிக் குழப்பம். இரட்டை அளவு விழுவது இப்படித்தான். வேகமான இயந்திரத்தில் அந்த நொடி கண்ணில் படாமலே போகும். மெதுவான முறையில் 50 கூடுகளையும் துளைப் பலகையில் நிறுத்தி, மருந்து போட்டபின் டார்ச் அடித்து எல்லாவற்றையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். இரட்டை அளவு போட்டால் வழிந்துவிடும்படியான, பருமன் அதிகமுள்ள மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் அனுபவசாலிகளின் பழக்கம்.

மருந்து அதிகமானால் இப்படி. மருந்தே விழாமல் போனால்? பிராண்டன் லீ கதைதான். ‘டமார்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘புஸ்’ என்று கேட்கும். இதற்கு ஸ்குவிப் என்று பெயர். குண்டு குழலுக்குள் நிற்கும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும், பிளக்கும். சிதறும் துண்டுகள், எதுவும் தெரியாமல் பக்கத்து மேஜையில் நிற்பவர் மேலும் பாயலாம். இது ‘என் வீடு, என் ரிஸ்க்’ என்று சொல்லிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை.

கராஜுக்குள்ளேயே இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளை உலர்வாகச் சுழற்றிச் சுத்தம் செய்தால் ஈயத் தூசி பறக்கும். அந்த மேஜையில் காபி குடிப்பதும், அதே கையோடு குழந்தையைத் தூக்குவதும் கூடாது.

சரி, ‘புஸ்’ சத்தத்தைக் கேட்டு ஒருவர் நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைப் பார்த்து, சிக்கிய குண்டைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டி எடுத்தாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. ஒரு கூட்டில் விழாத மருந்து பக்கத்துக் கூட்டில் இரண்டு மடங்காக விழுந்திருக்கலாம். அன்று செய்த மீதி 49 தோட்டாக்களையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அதற்கென்றே சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது, புல்லட் புல்லர். பிரஸ்ஸோடு ஒப்பிட்டால் விலை ரொம்பக் குறைவு. ஆனால் முதல்நாள் ஷாப்பிங் லிஸ்டில் அதை எழுதுபவர்கள் குறைவு.