களமிறங்கும் தம்பி தங்கைகளுக்கு

‘விளையாட்டுதானே’ என்று ஒதுக்கித் தள்ளிய காலம் மலையேறிவிட்டது. மொபைல் லெஜெண்ட்ஸ் என்னும் கைப்பேசி விளையாட்டு 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்றே ஆண்டுகளில், 2019 நவம்பரில், அதன் முதல் உலக வெற்றியாளர் போட்டி நம் புக்கிட் ஜாலில் உள்ளரங்கில் நடந்தேறியது. அதே ஆண்டு பிலிப்பீன்ஸில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியில் அது பதக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. 2024 ஜூலையில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணி இறுதியாட்டத்தில் பிலிப்பீன்ஸ் அணியை 4–3 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆறாவது உலக வெற்றியாளர் போட்டி மறுபடியும் கோலாலம்பூருக்கே வந்தது.

இவ்வளவு பெரிய களத்திற்குள் நம் பிள்ளைகள் எப்படி நுழைகிறார்கள்? பத்துமலை வட்டாரத்து உணவுக் கடைகளில் இரவு பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். ஒரு மேசையைச் சுற்றி ஐந்து இளைஞர்கள். ஐந்து கைப்பேசிகளும் படுக்கை வாக்கில். ஆளுக்கொரு தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும். நான்கு பேர் ஆண்டுக்கணக்காய் ஆடியவர்கள். ஐந்தாமவர் ‘ஆள் குறையுது, வாடா’ என்று இழுத்துவரப்பட்ட முதலாமாண்டு மாணவர். விளையாட்டைப் பதிவிறக்கம் செய்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஐந்தாவது நிமிடத்தில் அவருக்கு ‘நூப்’ பட்டம் கிடைத்துவிடும். பட்டம் கொடுப்பவர் வேறு யாருமல்லர், அழைத்து வந்த அண்ணனேதான்!

கற்றுக்கொடுக்காமலே திட்டுகிற இந்தப் பழக்கம் நம்மிடையே நன்றாக ஊறிவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு. முன்னாள் மாணவர்களுக்கு நினைவிருக்கும். 2000களில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருந்த சைபர் கஃபேக்களில் கவுண்டர் ஸ்ட்ரைக், பிறகு டோட்டா என்று வரிசையாக உட்கார்ந்து ஆடியவர்கள் நீங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டி நம் விசைப்பலகையில் கைவைத்து, ‘இதை அழுத்து, இப்ப ஓடு’ என்பார். திட்டும் விழும், கூடவே கையும் வரும். இன்று ஆடுகிற பத்துப் பேரும் பத்து இடங்களில் இருக்கிறார்கள். கை போய்விட்டது, திட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆகவே, புதிதாகக் களமிறங்கும் தம்பி தங்கைகளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து சொல்வதுபோல் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பு. பக்கத்துக்கு ஐந்து பேர். களத்தில் மூன்று பாதைகள். அவற்றுக்கு நடுவே காடு. ஒவ்வொரு பாதையிலும் இரு தரப்புக்கும் காவல் கோபுரங்கள் உண்டு. அவற்றை இடித்துக்கொண்டே போய் எதிரியின் தலைமைக் கோட்டையை உடைக்கும் அணி வெற்றி பெறும். இவ்வளவுதான். எத்தனை பேரைக் கொன்றோம் என்பது வெற்றியின் கணக்கில் வராது. இருபது பேரைக் கொன்றுவிட்டுத் தோற்ற அணிகள் ஏராளம். புதியவர்கள் எதிரியைக் கண்டவுடன் துரத்துகிறார்கள். துரத்தித் துரத்திக் காட்டுக்குள் போய் மூன்று பேர் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். அந்நேரம் பாதையில் கோபுரம் ஒன்று ஆளில்லாமல் நிற்கும்! எதிரியை வீழ்த்தினால் அடுத்த கணமே கோபுரத்தைப் பார்த்து நடங்கள்.

திரையின் மூலையில் ஒரு சிறு வரைபடம் இருக்கிறதே, அதுதான் ஆட்டத்தின் கண். சண்டை போடாத நேரமெல்லாம் சில வினாடிகளுக்கு ஒருமுறை அதைப் பார்த்துப் பழகுங்கள். எதிரிகள் ஐவரில் இருவர் மட்டுமே வரைபடத்தில் தெரிந்தால், மற்ற மூவரும் உங்கள் பக்கத்துப் புதரில்தான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பின்வாங்குங்கள். விரல் வேகம் மாதங்கள் கழித்துத்தான் வரும். இந்தப் பார்வையை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அதற்குப் பிறகு நீங்கள் இறக்கும் எண்ணிக்கை தானாகவே பாதியாகும் என்பது என் அனுபவம்.

அடுத்தது, எந்தப் பொறுப்பை எடுப்பது? இங்குதான் எனக்கும் பெரும்பாலோருக்கும் கருத்து வேறுபாடு. புதியவர்கள் எல்லாருக்கும் தூரத்தில் நின்று சுட்டு வீழ்த்தும் மார்க்ஸ்மேன் ஆக ஆசை. அல்லது, காட்டில் திரிந்து பாய்ந்து கொல்லும் ஜங்கிளர் ஆக ஆசை. யாரும் கேட்காமல் கிடப்பது ரோமர் என்னும் துணைவர் பொறுப்பு. முதல் ஒரு மாதம் அதைத்தான் எடுங்கள் என்பேன்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படிகள் ஏறும் காவடிக்காரரைப் பார்த்திருப்பீர்கள். எல்லார் கண்ணும் அவர் மேல்தான். அவரைச் சுற்றி வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் கூட்டத்தை விலக்கி வழி செய்கிறார். ஒருவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். காவடிக்காரர் கால் தளரும் நேரத்தை அவர் முகம் பார்த்தே அறிந்து போடுகிறார். ஒருவர் தண்ணீர் வைத்திருக்கிறார். இவர்கள் இல்லாமல் காவடி ஆற்றங்கரையிலிருந்து மேற்குகைக்கு எப்படிப் போய்ச் சேரும்? ரோமரின் வேலையும் அதுதான். புதருக்குள் முதலில் நுழைந்து யார் ஒளிந்திருக்கிறார் என்று காட்டுவது, அடிபடும் தோழனுக்கு முன்னால் போய் நிற்பது, எந்தப் பாதையில் ஆள் குறைகிறதோ அங்கே நடப்பது. முக்கியமான ஒன்று: ஜங்கிளரும் மார்க்ஸ்மேனும் தங்கம் சேர்த்துப் பொருள் வாங்கினால்தான் பலம் பெறுவார்கள், அவர்கள் அடிக்கும் மினியன்களில் ரோமர் கைவைக்கக் கூடாது. புதியவர்கள் திட்டு வாங்கும் பெரிய காரணம் இதுதான். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை!

துணைவர் பொறுப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. ஓரிடத்தில் நில்லாமல் களம் முழுக்க நடப்பதால், ஆட்டம் எப்படி நகர்கிறது என்பது ஒரு மாதத்தில் விளங்கிவிடும். ஆமை எனப்படும் டர்ட்டல் எப்போது வரும், அதை வீழ்த்தினால் அணி முழுவதற்கும் என்ன கிடைக்கும், பிற்பாதியில் வரும் லார்டை வீழ்த்திய அணிக்காக அந்த லார்டே நடந்துபோய்க் கோபுரங்களை இடிப்பது எப்படி என்பதெல்லாம் ஓரத்துப் பாதையில் ஒதுங்கி ஆடுபவருக்கு நெடுநாள் எட்டாது.

எந்த வீரரை எடுப்பது என்று கேட்டால், டிக்ரியல் எளிது. எனக்குப் பிடித்தவர் கட்டோட்காச்சா. பெயரைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், நம் கடோற்கசன்தான். பீமன் மகன், ஜாவாவின் வயாங் கூத்து வழியாக இந்த விளையாட்டுக்குள் வந்து நிற்கிறான். பாரதப் போரில் கர்ணன் அருச்சுனனுக்கென்றே பொத்திவைத்திருந்த சக்தி ஆயுதத்தைக் கடோற்கசன் மேல் ஏவ நேர்ந்தது, அது ஒரே முறைதான் பயன்படும், அருச்சுனன் பிழைத்தான். முன்னணியில் நிற்கும் டேங்க் வீரரின் இலக்கணமே இதுதானே? எதிரியின் மிக வலிய தாக்குதலை நம் மேல் செலவழிக்க வைப்பது. விளையாட்டிலும் கடோற்கசனுக்கு எதிரிகளைத் தன் பக்கம் திருப்பி இழுக்கும் திறன் ஒன்று இருக்கிறது. யார் இதைத் திட்டமிட்டார்களோ, பாரதம் அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தரவரிசை ஆட்டமாகிய ரேங்கிற்கு அவசரப்படாதீர்கள். முதலில் கணினிக்கு எதிரான ஆட்டம், பிறகு கிளாசிக். ரேங்க் தொடங்குமுன் திரையில் தெரியும் பிங் எண்ணைப் பாருங்கள். விடுதியின் வைஃபை இரவில் திணறும். எண் சிவப்பாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஓர் ஆட்டம் பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும். விரிவுரைக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ‘ஒரே ஒரு மேட்ச்’ என்று தொடங்கினால், ஒன்று விரிவுரை போகும், இல்லையேல் நடுவில் நின்றுபோன உங்களால் நான்கு பேரின் ஆட்டம் போகும். பாதியில் விட்டுப்போனால் நன்னடத்தைப் புள்ளி குறையும்; குறைந்துகொண்டே போனால் ரேங்க் ஆடவே விடமாட்டார்கள். அம்மா அழைத்தால்? எடுத்துப் பேசுங்கள். புள்ளியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். வீரர்களுக்கு விதவிதமான உடுப்புகள் விற்கிறார்கள், ஸ்கின் என்று. அவற்றில் சில, விலை போட்டு விற்கப்படுபவை அல்ல. குலுக்கலில் விழ வேண்டும். எத்தனை முறை குலுக்கினால் விழும் என்பது உங்கள் கையில் இல்லை. கல்விக் கடனுதவி வந்த வாரத்திலேயே அதில் ஒரு பகுதி வைரங்களாக மாறிப்போவதை நான் விடுதியில் கண்டிருக்கிறேன். மாதக் கடைசியில் மெகி மீ தின்ற கதையும் அங்கேயேதான். உடுப்பு வாங்கினால் ஆட்டம் வந்துவிடாது. வீரர்களையோ ஆடிச் சேர்த்த புள்ளிகளைக் கொண்டே வாங்கலாம். ரேங்க் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் ‘ஜோக்கி’களிடம் கடவுச்சொல்லைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இனி, மனத்தை உறுத்தும் விஷயத்திற்கு வருகிறேன். உரையாடல் பெட்டியில் வசவு வரும். பெயரைப் பார்த்து இனத்தைச் சொல்லித் திட்டுபவரும் வருவர். பதிலுக்குத் திட்ட நின்றால் அந்த நேரத்தில் கோபுரம் போய்விடும். அவரை ஒலியடக்கம் செய்யுங்கள், ஆட்டம் முடிந்ததும் புகார் அழுத்துங்கள். அது எளிது. எளிதில்லாதது, நம்மவர் வாயிலிருந்து வருவது. குரல் உரையாடலைத் திறந்தால் தமிழ் கேட்கிறது. ஆனால், பாதிக்கு மேல் அம்மா அக்காளை இழுக்கும் தமிழ். பிற இனத்து மாணவர்கள் நம் மொழியில் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களும் அவையாகவே இருக்கின்றன. நம் மாணவியர் பலர் பெண் பெயரை மறைத்து, ஒலிவாங்கியை மூடிவைத்துத்தான் ஆடுகிறார்கள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதில் ஆடவராகிய நமக்கு வெட்கக்கேடு.

இத்தனைக்கும் களத்தில் கட்டளையிடத் தமிழைப் போல் வசதியான மொழி அரிது. வா, போ, நில், விடு, ஓடு, அடி, சுற்று! ஒன்று, இரண்டு எழுத்து, அதிகம் போனால் மூன்று. ‘ரிட்ரீட்’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் செத்துவிடுவான். ‘ஆமைக்கு வா’, ‘நடுவில் இரண்டு பேர்’, ‘லார்டை விடு, கோபுரத்தை அடி’ என்று பேசி ஆடும் ஒரு குழுவை எனக்குத் தெரியும். அவர்கள் தமிழ் வளர்க்கப் புறப்பட்டவர்கள் அல்லர். சுருக்கமாக இருக்கிறது என்பதால் அப்படிப் பேசுகிறார்கள், வெல்கிறார்கள்.

தமிழ் மன்றங்கள் இதில் தலையிடலாமா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பட்டிமன்றமும் நாடகமும் நடத்தும் மேடையில் இதற்கென்ன இடம் என்பார்கள். மாணவர் எங்கே கூடுகிறாரோ அங்கே மன்றம் இல்லையென்றால், மன்றத்திற்கு வருவது எண்ணி இருபது பேராகத்தான் இருக்கும். செலவும் பெரிதில்லை. இந்த விளையாட்டில் நண்பர்கள் பத்துப் பேர் தனியறை அமைத்துத் தங்களுக்குள் ஆட வழி உண்டு. புது மாணவர்கள் வரும் பருவத்தில், வாரம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஓர் அணிக்கு இரண்டு மூத்தவர், மூன்று புதியவர் என்று அமர்த்துங்கள். எல்லாரும் ஒரே கூடத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். மூத்தவர் இருவரும் அன்றைக்குத் துணைவராகவும் டேங்காகவும் மட்டுமே ஆடட்டும். சுடும் பொறுப்பு புதியவருக்கு. யாராவது ‘நூப்’ என்றால் அடுத்த சுற்றுத் தே தாரிக் அவர் செலவு. மின்னூட்டி கொண்டுவர மறக்க வேண்டாம், கூடத்தில் மின்செருகி எப்போதும் போதாது.