சீனி வேணாம் என்றால் வருத்தமா என்று கேட்காதீர்கள்

உடம்பைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எமது ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கிறது. சுபஹுத் தொழுகைக்குப் பின் நடக்கப் போகிறவர்களின் தொகையும் கூடியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நடந்து முடித்த கையோடு எல்லோரும் கடையில் குந்தியிருந்து குடிக்கிற பிளேன்டீயைப் பற்றி நாம் கதைப்பதில்லை.

ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். கோப்பைக்கு மூன்று கரண்டி, காலையில் எழும்பினதும் ஒன்று, கந்தோரில் ஒன்று, கடையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, போன வீட்டில் ஒன்று என்று ஐந்து கோப்பை. மொத்தம் 60 கிராம் சீனி, 240 கலோரி. ஒரு நாளைக்கு 2000 கலோரி அளவில் சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை 50 கிராம், முடிந்தால் 25 கிராம். பணிஸ், பிஸ்கட், வட்டிலப்பம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். டின்பால் தேத்தண்ணி என்றால் கணக்கு இன்னும் மோசம். டின்பாலில் ஏறத்தாழ பாதி சீனிதான்.

2016 முதல் நமது நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. நாம் விருந்தாளிக்குக் கொடுக்கும் சின்னக் கோப்பையில் மூன்று கரண்டி போட்டால் 12 கிராம். அதற்கு யாரும் சிவப்பு ஒட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நாம் கண்டுபிடித்திருக்கும் வழி சீனிக்குப் பதிலான இனிப்பு மாத்திரை. கல்யாண வீட்டில் கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து இரண்டு மாத்திரையைத் தேத்தண்ணிக்குள் போட்டுவிட்டு, 'சீனியைத் தவிர்த்துவிட்டோம்தானே' என்று வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு. இந்தக் காட்சியைக் காணாதவர்கள் நம்மில் இல்லை.

அந்த மாத்திரை நஞ்சு என்று வட்ஸ்அப்பில் வரும் கதைகளை நாம் நம்பத் தேவையில்லை. அஸ்பார்டேம் 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 2400 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பதுதான் நிபுணர் குழுவின் கணக்கு. ஒரு மாத்திரையில் அதில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். பிரச்சினை வேறு. நிறையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளில் தங்கியிருக்க வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நீண்டகாலத்தில் கொழுப்பைக் குறைக்க அவை உதவுவதாகத் தெரியவில்லை என்பது அதற்குக் காரணம். (ஏற்கனவே சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அந்த அறிவுறுத்தல் இல்லை. இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரை எடுக்கிறவர்களும் கிளினிக்கில் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.) நமக்குப் படுவது, மாத்திரை போட்டாலும் நாக்கு அதே இனிப்பில்தான் நிற்கிறது. கித்துள் பாணியும் கருப்பட்டியும் தேனும் அப்படித்தான். 'இயற்கை' என்று பெயர் வைத்தாலும் உடம்புக்குள் போனால் அதுவும் சீனியே.

நாக்கைத் திருத்தலாம். எமது ஆசிரியர் அறையில் நான்கைந்து பேர் மாத்திரையையும் விட்டுவிட்டு, கிழமைக்கு அரைக் கரண்டி என்று குறைத்தார்கள். முதல் மாதம் கஷ்டம்தான். இஞ்சியும் ஏலக்காயும் கைகொடுத்தன. இப்போது பழைய அளவில் ஒரு தேத்தண்ணி கொடுத்தால் அவர்களுக்கே தெவிட்டுகிறது. ஆனால் அவர்கள் அனைவரும் ஆண்கள். வயதும் நாற்பதைத் தாண்டியவர்கள். 'எனக்குச் சீனி வேணாம்' என்று எந்த வீட்டிலும் தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு குமர்ப் பிள்ளை அப்படிச் சொன்னால்? "என்ன புள்ள, வருத்தம் கிருத்தம் இருக்கா?" என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுகிறோம். நாலு நாளில் 'அந்தப் புள்ளைக்குச் சீனியாம்' என்று கதை ஊரைச் சுற்றி வருகிறது. பேசிக்கொண்டிருந்த கல்யாணம் இதனால் இழுபட்டதை நாம் அறிவோம். சீனி வருத்தம் வராமல் இருக்கத்தான் அந்தப் பிள்ளை சீனியை விட்டாள்! அதனால் வீட்டில் சீனியே தொடாத பிள்ளைகள் வெளியில் கொடுப்பதை எல்லாம் சத்தமில்லாமல் குடித்துவிட்டு வருகிறார்கள். கலியாணமான பெண்களுக்கும் லேசில்லை. "எங்கட ஊட்டுத் தேத்தண்ணி வாய்க்குப் புடிக்கல்லியா?" என்று மாமி கேட்டால் என்ன பதில் சொல்வது?

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது நமது மார்க்கத்தில் பெரிய விசயம். அவர் வேண்டாம் என்பதை வற்புறுத்திப் பருக்குவது அந்தக் கண்ணியத்தில் சேராது. நோன்பு காலத்திலும் இதே கதைதான். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறப்பது நபி வழி. அதற்கு மேல் சர்பத், ஃபலூடா, பணியாரம் என்று மேசையை நிறைப்பது நாம் சேர்த்தது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்தும் பெருநாளைக்குச் சட்டை இறுகுகிறது என்றால் ஏன் என்று யோசிக்கத் தேவையில்லை.

ஆகவே நாம் கேட்பது சின்ன விசயம். வீட்டிலும் பள்ளிவாசல் கூட்டத்திலும் பாடசாலை விழாவிலும் தேத்தண்ணியைச் சீனி போடாமல் ஊற்றுவோம். சீனியை ஒரு கிண்ணத்தில் கரண்டியோடு பக்கத்தில் வைப்போம். போடுகிறவர் போடட்டும், போடாதவரிடம் ஏன் என்று கேட்க வேண்டாம். நூறு பேருக்கு ஊற்றும்போது இது சரிவராது என்று சமையற்காரர்கள் சொல்வார்கள். அப்படியானால் இரண்டு கேத்தல் வையுங்கள், ஒன்றில் சீனி, மற்றதில் இல்லை. வருகிற மாதம் ஊரில் கல்யாணங்கள் வரிசையாக இருக்கின்றன, அங்கேயே தொடங்கலாம்.